மாணிக்கவேல் செய்த பல்

டீ டம்ளர் கைக்கு வந்ததும் மாணிக்கவேல் உடனே குடித்துவிட மாட்டார். கட்டைவிரல் நகத்தை டம்ளரின் பக்கவாட்டில் மெல்ல ஓட்டிக் கோடு தேடுவார். அச்சில் பிறந்த எந்தப் பொருளிலும் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு இருந்தே தீரும். அது நகத்தில் தட்டுப்பட்ட பிறகுதான் முதல் வாய். சோப்பு டப்பா, பிளாஸ்டிக் நாற்காலி, பஸ்ஸில் ஆடும் கைப்பிடி எதையும் அவர் விட்டதில்லை. மனிதர்களையும் விடுவதில்லை. பேசிக்கொண்டே இருப்பார், பார்வை மட்டும் எதிராளியின் காதுக்குப் பின்னால் போய்விடும். முகத்துக்கு அச்சு எடுத்தால் கோடு அங்கேதான் விழ வேண்டுமாம். "ஒங்க காது நல்லா ஒட்டி இருக்குதுங்க, ரெண்டு துண்டுலயே முடிச்சிடலாம்" என்று ஒரு தடவை பேங்க் மேனேஜரிடம் சொல்லிவிட்டார். மேனேஜர் அன்று முழுக்கக் காதைத் தடவிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் அவருக்கென்று கம்பெனி கிடையாது. ஐந்தாறு கம்பெனிகளுக்கு அச்சு போட்டுக் கொடுக்கிறார். பீங்கான் பியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, கப்பு சாஸர், கொலுவுக்குப் போகும் பொம்மை என்று பேட்டையில் எது செய்தாலும் அதற்கு முதலில் பிளாஸ்டர் அச்சு வேண்டும். அச்சு வேண்டுமென்றால் மாணிக்கவேல் வேண்டும். வாளித் தண்ணீரில் பிளாஸ்டர் மாவைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவி, அது தானாக நனைந்து இறங்கும்வரை அடுப்பில் பால் வைத்தவர் போல நகராமல் நிற்பார். தராசு, அளவுக் குவளை எதுவும் கிடையாது. கையை உள்ளே விட்டுக் கலக்கி, விரலிடுக்கில் வழிவதைப் பார்த்து "இப்ப ஊத்து" என்பார். இறுகும்போது பிளாஸ்டர் சூடேறும். அச்சின் மேல் கன்னத்தை வைத்து அந்தச் சூட்டைப் பார்ப்பார். அதனால் ஐம்பத்தொரு வயதில் அவருக்கு ஒரு கன்னம் மட்டும் எப்போதும் வெளுப்பாக இருக்கிறது.

பீங்கான் மண் காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில் மிச்சம் சுருங்கும். மொத்தத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பாகம் போய்விடும். எதையும் அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்தே பழகிய கை அவருடையது. கடைத்தெருவிலும் அந்தக் கை மாறாது. மகள் துர்காவுக்கு அவர் வாங்கி வரும் செருப்பு ஒரு சைஸ் கூடவே இருக்கும். "ஏங்க, செருப்ப என்னா சூளையிலயா வைக்கப் போறீங்க?" என்று மனைவி கொளஞ்சியம்மாள் கேட்பார். "சுருங்கும்டி, எல்லாம் சுருங்கும்" என்பதுதான் எப்போதும் பதில். தோல் சுருங்காது என்று அவருக்குப் புரிய வைக்க அந்த வீட்டில் யாராலும் முடியவில்லை.

பேட்டையில் இப்படி நிமிர்ந்து நடக்கிற மனிதரை, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருப் பல் ஆஸ்பத்திரியில் பார்த்தால் இவர்தானா அவர் என்று தோன்றும். பெஞ்சில் இடமிருந்தாலும் உட்கார மாட்டார். செருப்பு கழற்றிப் போடும் மூலையில், சுவரோடு சுவராக நிற்பார். உள்ளே துர்காவுக்கு வைத்தியம் நடக்கும். டாக்டர் கதவைத் திறக்கும்போதெல்லாம் இவர் தலை தானாகக் கீழே போகும்.

கதை துர்காவின் பதினாலாவது வயதில் ஆரம்பிக்கிறது. அவளுக்கு மேல்வரிசையில் இடப்பக்கம் கோரைப்பல் இருக்க வேண்டிய இடத்தில், சின்னதாக ஒரு பால்பல் விழாமலே நின்றது. லேசாக ஆடவும் செய்தது. மாணிக்கவேல் நூல் கட்டி ஒரே இழுப்பில் பிடுங்கிவிட்டார். "இது போனாத்தான் பெரிய பல்லு எறங்கும்" என்றார். பெரிய பல் இறங்கவில்லை. ஆறு மாதம் பார்த்தார்கள், ஒரு வருஷம் பார்த்தார்கள். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வலித்தால்தானே பல்லுக்கு டாக்டர்? துர்கா உதட்டை இறுக்கிப் பேசக் கற்றுக்கொண்டாள். சிரிப்பு வந்தால் குனிந்து கொலுசைச் சரிசெய்வாள்.

2006-இல் அவள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் வருஷம். அந்தச் சமயத்தில் மாவட்டத்தில் நாலு கிலோமீட்டருக்கு ஒரு பயிற்சிப் பள்ளி முளைத்திருந்தது. வகுப்பெடுத்துப் பழகுவதற்காகக் கம்மாபுரம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அவளை அனுப்பினார்கள். இரண்டாம் வகுப்பு. அந்த வயசில் பாதிப் பிள்ளைகளுக்கு முன்பல் இருக்காது. முதல் நாள் துர்கா தன்னை மறந்து வாய்விட்டுப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க, முதல் வரிசையில் ஒரு பெண் துள்ளி எழுந்து, "டீச்சர், ஒங்களுக்கும் விழுந்துடுச்சா? எனக்கும் டீச்சர்!" என்று ஈயென்று காட்டியது. வகுப்பே எழுந்து ஆளுக்கொரு ஓட்டையைக் காட்டியது. பிள்ளைகளுக்கு அதில் சந்தோஷம்தான். துர்கா வீட்டுக்கு வந்து சார்ட் பேப்பரைச் சுருட்டி மூலையில் எறிந்தாள்.

"நான் நாளைக்குப் போவலப்பா. டீச்சர் வேலயே வேணாம் எனக்கு."

மாணிக்கவேல் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை மெழுகுவர்த்தியை உருக்கி இளஞ்சூடாக்கி, மகளைக் கடிக்கச் சொன்னார்.

அந்தப் பல்லைப்போல் ஒரு வேலையைத் தன் வாழ்நாளில் செய்ததில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். மெழுகுத் தடத்தில் பிளாஸ்டர் ஊற்றினார். ஓட்டையின் அளவை எடுத்து, சுருக்கத்துக்கு இடம் விட்டு, ஊசிமுனையால் பல்லைச் செதுக்கினார். வெறும் வெள்ளை மண்ணில் செய்தால் பியூஸ் கட்டை மாதிரி இருக்கும் என்று ஒரு சிட்டிகை பழுப்பு மண் சேர்த்தார். ஒன்பது பல் செய்து, ஓட்டுத் துண்டில் வரிசையாக வைத்து, ஜாடிகள் வேகிற சூளையின் ஓரத்தில் ஏற்றினார். வெந்து வந்ததை ஜன்னலோரம் மகளின் வாயருகில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். ஏழாவது பல் அச்சு அசலாகப் பொருந்தியது.

ஒட்டுவதற்குப் பேட்டையில் ஒரு வழி உண்டு. பார்ட்டிக்குக் காட்ட வேண்டிய சாம்பிள் கப்பில் கைப்பிடி உடைந்துவிட்டால், உடைந்த இரண்டு முகத்தையும் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிப் பசை வைப்பார்கள். வழவழப்பில் பசை நிற்காது. மாணிக்கவேல் பீங்கான் பல்லின் இரண்டு பக்கத்தையும் தேய்த்தார். பிறகு மகளின் வாய்க்குள் விரலை விட்டு, ஓட்டைக்கு முன்னால் இருந்த பல்லையும் பின்னால் இருந்த பல்லையும் தேய்த்தார்.

"கூசுதுப்பா."

"கொஞ்சம் பொறும்மா, புடிமானம் வேணும்ல."

ஒரு நொடியில் பிடிக்கும் பசை ஒரு சொட்டு. துர்கா கண்ணாடியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முழு வாயும் திறந்து சிரித்தாள். ஐந்து வருஷமாகப் பார்க்காத அந்தச் சிரிப்பைப் பார்த்து மாணிக்கவேல் வெளியே போய்ச் சும்மாவே மூக்கைச் சிந்தினார்.

பல் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கழன்றது. ஒவ்வொரு தடவையும் பழைய பசையைச் சுரண்டி, மறுபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒட்டினார். அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. பெருமைதான் தலைக்கு ஏறியிருந்தது. டீக்கடையில் மிச்சமிருந்த எட்டுப் பல்லையும் தீப்பெட்டியில் வைத்துக் காட்டினார். டீக்கடை அமிர்தம், "எனக்கும் ஒரு கடவாப்பல்லு சுட்டுக் குடுங்க மேஸ்திரி, முறுக்கு தின்னு ரெண்டு வருசமாவுது" என்றாள். "வாயத் தொற, பாப்போம்" என்று இவரும் எட்டிப் பார்த்தார். பேட்டையில் 'பல் டாக்டரு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போவார்.

நாலாவது மாதம் துர்காவுக்கு ஈறு வீங்கியது. கன்னம் இட்லி மாதிரி உப்பியது. அப்போதுதான் முதன்முதலாகப் பல் ஆஸ்பத்திரி. டாக்டர் செல்வநாயகி சின்ன வயசு, சிதம்பரத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் விருத்தாசலம் வருவார். துர்காவின் வாயைத் திறந்து பார்த்து, இடுக்கியால் எதையோ பிடித்து ஆட்டினார். பீங்கான் பல் எஃகுத் தட்டில் விழுந்து உருண்டது.

"இது என்னது?" என்றார் செல்வநாயகி.

துர்கா கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். சிதம்பரம் போய்ப் பெரிய எக்ஸ்ரே எடுத்து வந்தார்கள். அதைப் பார்த்தபோதுதான் மாணிக்கவேலுக்கு விஷயம் தெரிந்தது. துர்காவின் கோரைப்பல் பிறக்காமல் இல்லை. முழுசாக வளர்ந்து, இறங்க வழி தெரியாமல், மேலண்ணத்துக்குள் குறுக்கே படுத்திருந்தது. இத்தனை வருஷமும் அங்கேதான் இருந்திருக்கிறது.

"பதினாலு வயசுலயே கூட்டிட்டு வந்திருந்தா சுளுவா முடிஞ்சிருக்கும்" என்றார் செல்வநாயகி. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. மொதல்ல கிளிப்பு போட்டு எடத்த ஒழுங்கு பண்ணணும். அப்பறம் அண்ணத்தக் கீறி, உள்ள இருக்கிற பல்லு மேல ஒரு பொத்தான ஒட்டி, சின்னச் சங்கிலி போட்டு, அதக் கம்பியோட கட்டி மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா இழுக்கணும். ஒண்ணரை வருசம் ஆகும். அது இருக்கட்டும். இந்தப் பொம்மைப் பல்ல வச்சி உட்டது யாரு?"

மாணிக்கவேல் வாயைத் திறப்பதற்குள் துர்கா முந்திக்கொண்டாள்.

"நல்லூர் பக்கம் ஒருத்தரு மேடம்."

"டாக்டரா?"

"இல்ல மேடம். சும்மா... வச்சி உடுவாரு."

செல்வநாயகிக்குக் கோபம் வந்தது. கடையில் விற்கிற பசையை வாய்க்குள் ஊற்றியிருக்கிறானே, ஈறு வெந்து கிடக்கிறதே, இவனையெல்லாம் யார் கேட்பது என்று படபடத்தார். அந்த நேரத்தில் மாணிக்கவேலுக்கு என்ன ஆயிற்றென்று அவருக்கே இன்றுவரை தெரியாது. சும்மா நின்றால் சந்தேகம் வரும் என்று பயந்தாரோ என்னவோ.

"ஆமாங்க டாக்டரம்மா. படிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவனுங்கள எல்லாம் உள்ள தூக்கி வைக்கணும். பொம்பளப் புள்ள வாயில கைய வைக்கிறதுக்கு என்னா தைரியம் பாருங்க!"

சொல்லி முடித்ததும் துர்கா அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். தான் காப்பாற்ற நினைத்த ஆள் இவ்வளவு சின்ன ஆளா என்று பார்க்கிற பார்வை. வெட்கம் என்றால் என்ன என்று மாணிக்கவேல் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

வீட்டில் கொளஞ்சியம்மாளுக்கு எல்லாம் தெரியும். "போயி சொல்லிட்டு வந்துடுங்க. திட்டுனா திட்டிட்டுப் போவுது அந்தப் பொண்ணு" என்றார். "அடுத்த மாசம் சொல்றேன்" என்றார் மாணிக்கவேல். அடுத்த மாதம் போனார், சொல்லவில்லை. அதற்கடுத்த மாதமும் அப்படியே. ஒரு நாள் செல்வநாயகி தற்செயலாக, "நீங்க என்ன வேலைங்கய்யா பாக்கறீங்க?" என்று கேட்டார். பேட்டையில் முப்பது வருஷமாக அச்சுக்காரர் என்று பேர் வாங்கிய மனிதர், "கூலி வேலதாங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மேஜைமேல் துர்காவின் பல்வரிசையைப் பிளாஸ்டரில் எடுத்து வைத்திருந்தார்கள். அதில் இரண்டு இடத்தில் காற்றுக்குமிழி. வேறெங்காவது பார்த்திருந்தால் "யாருய்யா கலக்குனது?" என்று ஊரைக் கூட்டியிருப்பார். அங்கே அதைப் பார்க்காத மாதிரி சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

தீப்பெட்டி காணாமல் போனது. டீக்கடையில் அமிர்தம், "என் கடவாப்பல்லு என்னாச்சி மேஸ்திரி?" என்று கேட்ட நாளிலிருந்து வேறு கடைக்குப் போகிறார். 'பல் டாக்டரு' என்று யாராவது கூப்பிட்டால் காதில் விழாதவர் போல வேகமாக நடக்கிறார்.

துர்காதான் தேறிவிட்டாள். ஆரம்பத்தில் கிளிப்பு போட்ட வாயைத் திறக்கக் கூசினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் "டீச்சர் பல்லு கொலுசு போட்டிருக்குது" என்று சொல்லி ஊரெல்லாம் பரப்பிய பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அண்ணத்தைக் கீறியபோது மட்டும் இரண்டு நாள் கஞ்சியும் ஐஸும். பிறகு மாதா மாதம் சங்கிலியை இழுத்துக் கட்டினார்கள். பல் நகர்ந்து வருகிறது என்று டாக்டர் சொன்னபோதெல்லாம் மாணிக்கவேல் செருப்பு மூலையில் நின்று தலையாட்டினார்.

வைத்தியம் ஆரம்பித்த எட்டாவது மாதம் துர்காவுக்கு முன்பல்லுக்கு அடுத்த பல்லில் கூச்சம் தாங்க முடியவில்லை. கொஞ்ச நாளாகவே இருந்ததுதான், இப்போது பச்சைத் தண்ணீர் பட்டாலே கண்ணில் நீர் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை செல்வநாயகி அந்தப் பல்லின்மேல் காற்றை ஊதியதும் அவள் நாற்காலியில் துள்ளினாள். டாக்டர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பல்லின் பக்கவாட்டைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். மாணிக்கவேலை உள்ளே கூப்பிட்டு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இங்க பாருங்கய்யா. உள்ள இருந்து வர்ற பல்லு, இந்தப் பல்லோட வேருக்கு மேலயே கெடக்குது. வேர அரிச்சிருக்கான்னு இதுல நிச்சயமா தெரியல. அரிச்சிருந்தா இந்தப் பல்லு நிக்காது. இப்பவே எடுத்துட்டு, வர்ற பல்ல இந்த எடத்துக்குக் கொண்டாந்துடறது நல்லது."

"முன்னாடி பல்லுங்களா?" என்றார் மாணிக்கவேல்.

"ஆமா. ஆனா ஒரு சந்தேகம் இருக்குது. பல்லோட பக்கம் தேஞ்சிருக்குது. தானா தேஞ்ச மாதிரி இல்ல. அந்தப் பொம்மைப் பல்லு வச்சானே, அவன் அரமோ எதுவோ போட்டுத் தேச்சிருந்தா கூச்சத்துக்கு அதுதான் காரணம். மேல பூசி உட்டா அடங்கிடும், பல்லு பொழச்சிக்கும். அது அவனத்தான் கேக்கணும்." துர்காவின் பக்கம் திரும்பினார். "அவன் பேரு என்னம்மா? போன் நம்பர் இருந்தா குடு, நானே பேசறேன்."

துர்கா நாற்காலியில் சாய்ந்து, மேலே எரிகிற விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு ஊர உட்டுப் போயிட்டாரு மேடம்."

"தேச்சானா இல்லியா, அதாவது சொல்லு."

தேய்த்தார் என்றால் எதனால், எப்படி, ஏன் உப்புத்தாள் என்று அடுத்தடுத்துக் கேள்வி வரும். அந்தக் கேள்விகள் பேட்டைக்குத்தான் போய்ச் சேரும். அது அவளுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்தது.

"ஞாபகம் இல்ல மேடம். எடுக்கணும்னா எடுத்துடுங்க."

செல்வநாயகி பெருமூச்சு விட்டார். மேஜைக்குப் போய், துர்காவின் கேஸ் ஷீட்டை இழுத்து வைத்து, பேனாவைத் திறந்தார். இருபது வயசுப் பெண் தன் முன்பல்லை, சிரித்தால் முதலில் தெரிகிற பல்லை, அப்பன் மானத்துக்காகக் கொடுக்கிறாள். சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. அந்த நாலு வார்த்தையையும் மாணிக்கவேலின் நாக்கு புரட்டிப் பார்த்தது, ஒன்றும் வெளியே வரவில்லை. இவனுங்கள எல்லாம் உள்ள தூக்கி வைக்கணும் என்று சுத்தமாக உச்சரித்த அதே நாக்கு.

"அந்த ஆளு பேராவது தெரியுமாம்மா?" என்று எழுதிக்கொண்டே டாக்டர் இன்னொரு தடவை கேட்டார்.

மாணிக்கவேல் மேஜையருகே போனார். கேஸ் ஷீட்டில் முதல் வரி துர்கா, வயது இருபது. இரண்டாவது வரியில் தகப்பனார் பெயர் எழுதியிருந்தது. பிளாஸ்டரில் ஊறி வெடித்த ஆள்காட்டி விரலை அந்த இரண்டாவது வரியின்மேல் வைத்தார். டாக்டர் நிமிர்ந்து பார்த்த பிறகும் எடுக்கவில்லை.